பெர்னாட் ஷா வளர்ந்த வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆங்கில நாடகாசிரியர் பெர்னாட் ஷா ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 15 வயதில் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர் என்று வகுப்பில் சொல்லி வந்தேன். அவருடைய உறவினர்கள் பட்டம் பெற்ற பிரபுக்கள் என்கிறான் ஒரு மாணவன். எது சரி?
– தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர், பொகவந்தலாவை

பதில்: இரண்டும் சரிதான், ‘ஏழை’ என்ற சொல்லை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். 1856 ஜூலை 26இல் டப்ளினில் ஷா பிறந்தபோது, பரம்பரையாகச் ‘சேர்’ பட்டம் வகித்த ஒருவர் அவருடைய தகப்பனுக்கு உறவினராக இருந்தார். தகப்பன் ஜோர்ஜ் கார் ஷாவோ தமக்குக் கிடைத்த அரசாங்க ஓய்வூதியத்தை விற்று, அந்தப் பணத்தைத் தானிய மொத்த வியாபாரத்தில் போட்டு, அதைச் சரிவர நடத்தத் தெரியாமல் நொடித்தவர். பணம் போன பிறகும் அந்தஸ்தை விட மனமில்லாத குடும்பம் அது. 1869இல் சிறிது காலம், கத்தோலிக்கச் சிறு வியாபாரிகளின் பிள்ளைகள் படித்த பாடசாலை ஒன்றில் சேர்க்கப்பட்டதை, புரட்டஸ்தாந்துச் சிறுவனான ஷா தாங்க முடியாத அவமானமாக எண்ணி, ஏறத்தாழ 80 ஆண்டுகள் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்.

தகப்பனிடம் குடிப்பழக்கமும் இருந்தது. ஒருநாள் கால்வாய்க் கரையில் நடக்கும்போது, மகனைத் தண்ணீரில் எறிவதுபோல விளையாட்டுக் காட்டியவர் உண்மையாகவே எறிந்துவிடப் பார்த்தார். வீட்டுக்கு வந்த குழந்தை, அப்பா குடித்திருக்கிறார் போல என்று தாயிடம் மெதுவாகச் சொன்னபோது, அவர் எப்போதுதான் குடிக்காமல் இருந்தார் என்பதே தாயின் பதிலாக இருந்தது. நம் லயங்களில் இந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் என்பதால், இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஷா வாழ்நாள் முழுவதும் மதுவைத் தொடவில்லை.

1871இல் நிலப்பிரபுக்களின் காணிகளைப் பராமரிக்கும் கந்தோர் ஒன்றில் மாதம் 18 ஷில்லிங் சம்பளத்துக்குச் சேர்ந்து, பின்னர் காசாளராக உயர்ந்து, ஏழைக் குடியிருப்பாளர்களிடம் வாடகை தண்டும் வேலையையும் செய்தார். 1892இல் மேடையேறிய அவருடைய முதல் நாடகம், சேரி வீடுகளின் வாடகையில் கொழுக்கும் கனவான்களைப் பற்றியது. ஆனால் படிப்பை நிறுத்தியதால்தான் அவர் பெரிய ஆளானார் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். பாடசாலையை வெறுத்த அந்தச் சிறுவன், டப்ளினிலுள்ள தேசிய ஓவியக் கூடத்தில் மணிக்கணக்காக நின்று படங்களைப் பார்த்தே கற்றவன். அந்த நன்றியை மறவாமல், 1950இல் இறக்கும்போது தம் சொத்தின் எஞ்சிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அக்கூடத்துக்கே எழுதிவைத்திருந்தார்.

கேள்வி: ஷாவின் தாய் அவரை விட்டுப் போய்விட்டார் என்பது உண்மையா?
– வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: உண்மை. லூசிண்டா எலிசபெத் நல்ல பாடகி. அவருக்குப் பாட்டுக் கற்பித்த வாந்தலூர் லீ என்ற இசை ஆசிரியர் ஷா குடும்பத்துடன் ஒரே வீட்டில் வசித்ததால், ஒத்திகைகளும் மேல்நாட்டு இசைநாடகப் பாடல்களும் நாள்தோறும் அந்த வீட்டில் ஒலித்தன. 1873இல் லீ லண்டனுக்குப் போக, அந்தத் தாயும் அங்கே பாட்டுக் கற்பித்துப் பிழைக்கப் பெண்பிள்ளைகளுடன் புறப்பட்டார். மத்திய கிழக்குக்குப் போகும் நம் தாய்மாரின் நிலையோடு இதை ஒப்பிட முடியாது. இங்கே முறிந்திருந்தது திருமண வாழ்க்கை. ஆனாலும் பின்னால் நின்ற பிள்ளையின் தவிப்பு ஒன்றுதான். இசை நின்றுபோன வீட்டின் அமைதியைச் சகிக்க முடியாமல், 17 வயதை நெருங்கிய ஷா, அங்கே இருந்த பியானோவில் தாமாகவே பழகத் தொடங்கினார். எளிய பயிற்சிகளை விட்டுவிட்டு, மோசார்ட்டின் ‘டொன் ஜியோவான்னி’ இசைநாடகத்தின் முன்னிசையையே முதல் பாடமாக எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன் சுரங்களில் பொருத்திப் பழகினார். பிற்காலத்தில் லண்டன் பத்திரிகைகளில் இசை விமர்சகராக அவர் பெயர் பெற்றதற்கு வித்து அங்கே விழுந்தது.

1876இல் அவரும் தாயிடம் லண்டன் போனார். அங்கே அவர் எழுதிய ஐந்து நாவல்களையும் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய அந்த ஆண்டுகளில் அவருக்குச் சோறு போட்டவை, தாயின் உழைப்பும், டப்ளினிலிருந்து தகப்பன் வாரந்தோறும் அனுப்பிய ஒரு பவுணும் ஆகும்.