நாக்ஸ்2 நொதி உடலுக்குள் வேண்டுமென்றே நச்சு ஆக்சிஜனைத் தயாரிப்பது ஏன்?

முக்கியமாக, கிருமியைக் கொல்லத்தான். மற்ற பல நொதிகளில் இது வேலையின் நடுவே கசியும் கழிவு. நாக்ஸ்2-வுக்கோ இதுவே வேலை. நியூட்ரோஃபில் போன்ற வெள்ளணுக்களின் சவ்வில், பி22 என்ற துணைப்புரதத்தோடு சும்மா கிடக்கும். வெள்ளணு ஒரு பாக்டீரியாவை விழுங்கியதும், சைட்டோபிளாசத்திலிருந்து பி47, பி67, பி40, ராக் ஆகிய புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம்தான் ஓட்டம் தொடங்கும்: என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு தரும் எலக்ட்ரான், நொதிக்குள் எலக்ட்ரானைக் கைமாற்றும் எஃப்ஏடி, இரண்டு ஹீம் ஆகியவை வழியாகச் சவ்வைக் கடந்து, மறுபக்கம் ஆக்சிஜனைச் சூப்பராக்சைடு என்ற நச்சு வடிவமாக மாற்றுகிறது.

இத்தனை பூட்டு எதற்கா? கண்டபடி இயங்கினால் சொந்தத் திசுவே புண்ணாகும். இயங்காவிட்டால் இன்னும் மோசம். நாக்ஸ்2-வை உருவாக்கும், எக்ஸ் குரோமோசோமில் உள்ள சிஒய்பிபி மரபணு பழுதானால், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, வெள்ளணுக்களால் கிருமியைக் கொல்ல முடியாத நாள்பட்ட கிரானுலோமா நோய் வரும். மற்றவர்களைப் பெரும்பாலும் பாதிக்காத ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகூட உயிருக்கு உலை வைக்கும். டைஹைட்ரோரோடமைன் சாயம் சேர்த்து, தூண்டிய வெள்ளணுக்கள் ஒளிர்கின்றனவா என்று பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்கிறார்கள்.