ஆற்றுப் பள்ளத்தாக்கில் சரளைப் பாதைப் பயணம்: பழைய சைக்கிள் போதுமா?

வாசகர் கேள்வி: ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக, பெரும்பாலும் வயல்களுக்கு இடையே செல்லும் சரளைப் பாதைகளில், இரண்டு நாட்களில் 130 கிலோமீட்டர் சைக்கிளில் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். வழியில் ஒரு பழைய கோட்டையும் கல்பாலமும் சில இடிபாடுகளும் இருக்கின்றன. என்னிடம் 32 மி.மீ. டயர் பூட்டிய ஹைபிரிட் சைக்கிள் (சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான வகை) இருக்கிறது. ஆற்றோரம் ஏற்றமே இல்லாத வழிதான் என்பதால் இதுவே போதுமா, அல்லது சரளைப் பாதைக்கென்றே செய்யப்படும் கிராவல் சைக்கிள் வாங்க வேண்டுமா?

பதில்: புதிய சைக்கிள் வாங்க வேண்டியதில்லை, டயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஏற்றம் இல்லாததால் வழி எளிதாக இருக்கும் என்று நீங்கள் முடிவுசெய்திருப்பதை ஏற்க முடியவில்லை. மலைப்பாதையில் சரிவு எவ்வளவு களைப்பைத் தருமோ, ஆற்றுப் படுகையில் அதே அளவு களைப்பை மண்ணும் ஈரமும் தரக்கூடும். அந்த மண்ணைப் படித்துக்கொண்டால் எந்தத் தடத்தில் செல்ல வேண்டும் என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் டயர். காய்ந்து இறுகிய சரளையில் 32 மி.மீ. டயர் ஓடும், உதிரிச் சரளையிலும் மணலிலும் அது பள்ளம் பறித்துக்கொண்டு இறங்கும், முன்சக்கரம் கைக்கு அடங்காது. 38 முதல் 42 மி.மீ. வரையிலான டயர் உங்கள் பயணத்திற்குப் பொருந்தும். பல ஹைபிரிட் சைக்கிள்களின் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கும் என்றாலும் அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். டயரின் இருபுறமும் மேலேயும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி விடுவது நல்லது, ஏனெனில் ஈரமண் முதலில் ஒட்டிக்கொண்டு சக்கரத்தை நிறுத்துவது அந்த இடைவெளியில்தான். டயரின் பக்கச்சுவரில் '40-622' என்பது போல அச்சிடப்பட்டிருப்பதில் முதல் எண் அகலத்தையும், இரண்டாவது எண் ரிம்மில் டயர் அமரும் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கிறது. 700சி எனப்படும் சக்கரத்திற்கு அந்த இரண்டாவது எண் 622, 650பி எனப்படுவதற்கு 584. இவை ஒன்றுக்கொன்று பொருந்தாது.

காற்றழுத்தத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கெட்டியாகக் காற்றடித்தால் வேகம் கூடும் என்பது வழவழப்பான தார்ச்சாலைக்கு ஓரளவு பொருந்தும். கரடுமுரடான தரையில் அதே டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது, அந்த அதிர்வை உங்கள் உடல் வாங்கி வீணாக்குகிறது, வேகமும் குறைகிறது. 75 கிலோ எடையுள்ளவர் டியூப் போட்ட 40 மி.மீ. டயரில் சிறு மூட்டையோடு செல்வதானால் முன்சக்கரத்தில் 35 பிஎஸ்ஐ, பின்சக்கரத்தில் 40 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். டியூப்லெஸ் என்றால் இன்னும் ஐந்தாறு பிஎஸ்ஐ குறைக்கலாம். பஞ்சரான டியூபில் இரண்டு துளைகள் இணையாகத் தெரிந்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கியிருக்கிறது என்று பொருள், அப்போது சற்றே கூட்டுங்கள். டயரிலும் ரிம்மிலும் குறித்துள்ள உச்ச வரம்புகளில் எது குறைவோ அதை எந்நிலையிலும் தாண்டக் கூடாது.

இனி மண். ஆறு வெள்ளத்தில் கரைபுரளும்போது, கனமான மணல் கரையோரத்திலேயே படிந்துவிடுகிறது. மெல்லிய வண்டலும் களியும் வெள்ளநீரோடு வெகுதூரம் சென்று, நீர் அசையாமல் தேங்கும் தாழ்ந்த வயல்வெளியில் மெதுவாக இறங்குகின்றன. இதனால் ஆற்றை ஒட்டிய தடம் மணற்பாங்காகவும் சற்று மேடாகவும் இருக்கும். மழை நின்ற சில மணி நேரத்தில் அது காய்ந்துவிடும், ஆனால் கோடையில் சக்கரம் புதையும். நடுவயல் தடமோ காய்ந்த நாளில் தளம் போட்டது போல் இருந்துவிட்டு, ஒரே மழையில் பசையாகிப் பல நாட்கள் அப்படியே கிடக்கும். இவ்விரண்டுக்கும் அப்பால், பள்ளத்தாக்கின் ஓரத்தில், ஆறு முன்னொரு காலத்தில் உயரத்தில் ஓடியபோது விட்டுச்சென்ற படிமேடுகள் இருக்கும். கூழாங்கல் கலந்த இந்த மேடுகளில் நீர் நிற்பதில்லை, வெள்ளமும் எளிதில் எட்டுவதில்லை. வரைபடத்தில் ஆற்றிலிருந்து சற்று விலகி, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நீளமாகச் செல்லும் தடம் ஒன்று தெரிந்தால், பெரும்பாலும் அது இந்தப் படிமேட்டின் மீது செல்வதாக இருக்கும். உங்கள் முதன்மை வழியாக அதையே கொள்ளுங்கள்.

நீங்கள் பார்க்க விரும்பும் பழைய இடங்களும் பெரும்பாலும் இதே மேட்டு விளிம்பில்தான் அமைந்திருக்கும். வீடும் களஞ்சியமும் வழிபாட்டிடமும் கட்டியவர்கள் வெள்ளத்துக்கு எட்டாத, ஆனால் நீருக்கும் வயலுக்கும் அருகான இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆற்றைக் கடக்கும் துறைகளிலும் இரண்டு ஆறுகள் கூடும் இடங்களிலும் கோட்டைகளும் பாலங்களும் எழுந்தன. ஆகவே அந்த இடங்களை வரைபடத்தில் புள்ளியிட்டு, அவற்றை இணைக்கும் பழைய தடங்களைத் தேடுவது, செயலி காட்டும் குறுக்குவழியைப் பின்பற்றுவதைவிட நல்ல பாதையைத் தரும் என்பது என் உறுதியான கருத்து. சில ஆறுகளில் மனிதர் எழுப்பிய கரையே வழியாகிறது. பிரான்சின் லுவார் ஆற்றோரம் இடைக்காலம் முதல் எழுப்பப்பட்ட வெள்ளத் தடுப்புக் கரைகள் அதற்குச் சான்று.

துறைக்கு அருகே இருந்தாலும், உயரத்தைப் பொறுத்தவரை கோட்டை மட்டும் இந்த மேட்டு விளிம்புக் கணக்குக்கு விலக்கு. அது பெரும்பாலும் பள்ளத்தாக்கையே கண்காணிக்கும் பாறை முகட்டில் இருக்கும். ஆஸ்திரியாவில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1192-இன் இறுதியில் சிறைவைக்கப்பட்ட டியூர்ன்ஷ்டைன் கோட்டையின் இடிபாடு, டான்யூப் ஆற்றங்கரையில் அல்லாமல் அதற்கு மேலே செங்குத்தான பாறையில் நிற்கிறது. எனவே 'ஏற்றமே இல்லை' என்ற உங்கள் கணக்கு கோட்டைக்கு வந்ததும் உடைந்துவிடும். முன்பக்கச் சிறிய பற்சக்கரத்தின் பற்கள் பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தின் பற்களைவிடக் கூடுதலாக இல்லாதிருந்தால் மூட்டையோடு ஏறலாம். இல்லையென்றால் கீழே பூட்டிவிட்டு நடந்து செல்லுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

களிச்சேற்றில் மாட்டிக்கொண்டால் அழுத்தி மிதிக்காதீர்கள். சேறு அடைத்த பின்சக்கரம் திரும்ப மறுக்கும்போது, வலிந்து மிதிக்கும் விசையால் கியர் மாற்றும் டீரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு தாங்கி வளையும் அல்லது முறியும். இறங்கி, ஒரு தட்டையான குச்சியால் சேற்றைச் சுரண்டிவிட்டு, ஓரத்துப் புல்லின் மீது தள்ளிச் செல்லுங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் பந்தயத்தில் 2023-ஆம் ஆண்டு மழையில் குழைந்த மண்சாலையொன்றில் தேர்ந்த வீரர்களே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பதை நினைவில் வைத்தால், இறங்கி நடப்பதில் உங்களுக்குத் தயக்கம் இராது.

தூரத்தை வைத்துத் திட்டமிடாமல் நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். தார்ச்சாலையில் மணிக்கு 22 கிலோமீட்டர் செல்பவர் கலப்பான சரளைத் தடத்தில் 14 முதல் 16 கிலோமீட்டர் வரை சென்றாலே போதுமானது. அப்படியானால் ஒரு நாளுக்கு 65 கிலோமீட்டர் என்பது நான்கரை மணி நேரம் மிதிப்பது. அதனுடன் இடிபாடுகளில் செலவிடும் நேரம், வேலிக்கதவுகள், வழி தவறித் திரும்புதல், ஒரு பஞ்சர் எல்லாம் சேர்ந்தால் முழுப் பகலும் கழிந்துவிடும். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு என்றால் இன்னொரு செய்தியும் உண்டு: தெளிந்த வானமுள்ள நாட்களில் பிற்பகலில் காற்று பள்ளத்தாக்கின் மேற்பகுதியை நோக்கியும், இரவில் கீழ்நோக்கியும் வீசும். ஆறு ஓடும் திசையில் செல்பவர்கள் காலையிலேயே பெரும்பகுதியை முடித்துவிடுவது நல்லது.

வயல்வெளித் தடங்கள் உழவர்களின் வேலையிடம் என்பதை மறக்கக் கூடாது. டிராக்டரோ அறுவடை இயந்திரமோ வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். ஆளுயரப் பயிர் மறைக்கும் திருப்பங்களில் மணியடித்து மெதுவாகச் செல்லுங்கள். வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்ல வேண்டும். மருந்து தெளித்துக்கொண்டிருந்தால் காற்று வரும் பக்கமாக விலகி நின்று காத்திருங்கள். வாய்க்கால் நீரை வடிகட்டிக் குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம்; கிருமிகளை நீக்கும் சாதாரண வடிகட்டி, கரைந்திருக்கும் உரத்தையும் பூச்சிமருந்தையும் முழுமையாக நீக்காது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாத தண்ணீரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

இடிபாடுகளுக்குள் சைக்கிளை ஓட்டவே கூடாது, சாந்து உதிரும் பழைய சுவரில் சாய்க்கவும் கூடாது. புல் மூடிய சாதாரண மண்மேடு போலத் தெரிவது புதையுண்ட கட்டடமாகவோ பழைய அரணாகவோ இருக்கலாம்; சக்கரம் கீறிய தடத்தில் மழைநீர் இறங்கி அரித்துவிடும். கிளீட் (மிதிகட்டையில் மாட்டிக்கொள்ளும் உலோகத்துண்டு) பொருத்திய காலணி அணிவீர்களானால், அந்த உலோகத்துண்டு அடித்தோலுக்குள் பதிந்திருக்கும் இரண்டு திருகு வகையைத் தேர்ந்தெடுங்கள்; அதில் நடக்க முடியும், கல்தரையிலும் கீறல் விழாது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில், நீங்கள் செல்லும் இடத்தின் வானிலையோடு ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழையையும் பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே தரைப்பாலம் மூழ்கியிருக்கலாம். விரைந்து ஓடும் நீர் 15 செ.மீ. ஆழமே இருந்தாலும் வளர்ந்த ஒருவரின் காலை வாரிவிடும். தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடுவதைக் கண்டால் கல்பாலம் வழியாகச் சுற்றிச் செல்லும் மாற்று வழியை எடுங்கள். அந்த மாற்று வழியை வீட்டிலேயே குறித்து, இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.