1976-ல் அட்மிரல் ஏன் முன்னால் நின்றார்?

தம்பி, வேலைக்கு பாங்காக் வந்த புதுசிலேயே நல்ல கேள்வியாகக் கேட்டிருக்கீங்க. இங்கே ஆட்சியைப் பிடிப்பது வழக்கமாகத் தரைப்படைதான்; 1976-ல் மட்டும் சங்கட் சலோர்யூ என்ற கடற்படை அட்மிரல் எப்படித் தலைவரானார், ஆபீஸில் கேட்டால் ஏன் பேச்சை மாற்றுகிறார்கள் என்று.

இதற்கு 1951 வரை போகணும். அந்த ஜூனில், மன்ஹாட்டன் என்ற அமெரிக்கத் தூர்வாரும் கப்பலை வாங்கிக்கொள்ள வந்த பிரதமர் பிபுனைக் கடற்படைக்காரர்களே துப்பாக்கி முனையில் பிடித்து, ஸ்ரீ அயுத்தயா போர்க்கப்பலில் அடைத்தார்கள். விமானப்படை அந்தக் கப்பல் மேலேயே குண்டு போட்டது. பிபுன் ஆற்றில் குதித்து நீந்திக் கரையேறினார்! அத்தோடு கடற்படையின் அரசியல் செல்வாக்கு ஒடுங்கிப் போச்சு.

1976 ஏப்ரலில் தரைப்படையின் பெரிய தலை கிரித் சிவாரா இறந்தார். அதன் பிறகு ஜெனரல்களுக்குள் ஆளுக்கொரு கோஷ்டி. அக்டோபர் 6 காலை தம்மசாட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டும் அடித்தும் கொன்றார்கள். அன்று மாலையே சங்கட் பெயரில் ஆட்சி மாறியது. சொந்தமாகத் தலைநகரில் படை வைத்திருக்காத அட்மிரல் எந்தக் கோஷ்டிக்கும் போட்டியில்லை, அதனால்தான் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. நீதிபதி தானினைப் பிரதமராக உட்காரவைத்ததும் அவர் குழுதான். 1977 அக்டோபரில் இறக்கிவிட்டதும் அதே சங்கட்தான். ஆனால் அடுத்த பிரதமர் கிரியங்சாக், தரைப்படை ஜெனரல். அதிகாரம் எங்கே இருந்தது என்று இதிலேயே தெரியுதே.

2014 ஆட்சிக் கவிழ்ப்பை நான் இங்கிருந்தே பார்த்தேன். எல்லா சானலிலும் தேசபக்திப் பாட்டு, இரவு பத்துக்கு ஊரடங்கு. மூடவே மூடாத செவன் லெவன் கடைகூட ஷட்டரை இறக்கிச்சு. தலைவர் தரைப்படையின் பிரயுத். கடற்படைத் தளபதி நரோங்குக்குத் துணைத் தலைவர் பதவி, பிறகு கல்வி அமைச்சு.

ஆபீஸில் பேச்சை மாற்றினால் தப்பா எடுத்துக்காதீங்க. அக்டோபர் 6 பற்றிப் பேசினால் அரண்மனைப் பக்கம் போய்விடும். அரச குடும்பத்தை அவமதிப்பதைக் குற்றமாக்கும் 112-வது சட்டப் பிரிவில் ஒரு குற்றத்துக்கே 3 முதல் 15 வருஷம் சிறை. வெளிநாட்டவர் என்று விலக்கில்லை. ஃபேஸ்புக்கில் ஷேர் பண்ணியதற்கே உள்ளே போனவர்கள் உண்டு. அவங்களாக ஆரம்பித்தால் காது கொடுங்க, போதும். வாட்ஸ்அப் குரூப்பில் இதை எழுதவே எழுதாதீங்க.