சஃபோக் ஹவுஸ்: லைட் கட்டியதா, பிலிப்ஸ் கட்டியதா?

வணக்கம். மலேசியாவின் பினாங்கிலுள்ள சஃபோக் ஹவுஸ் மாளிகையைப் பற்றிய கல்லூரிக் கட்டுரையில், அதைக் கட்டியது பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட்டா என்று குழம்பியிருக்கிறீர்கள். லைட் என்று எழுதிவிடாதீர்கள். தோட்டம் அவருடையதுதான், ஆனால் அவர் 1794லேயே இறந்துவிட்டார். இப்போது நிற்கும் மாளிகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னாளில் ஆளுநரான வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் காலத்தில் எழுந்தது.

"ஜார்ஜியன் என்று எப்படிச் சொல்வது?" என்றும் கேட்டிருந்தீர்கள். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்தின், சமச்சீரான கட்டடப் பாணி அது. முகப்பை நேராக நின்று பாருங்கள். நடுக்கோட்டுக்கு இருபுறமும் அளவு பிசகாது. கீழே கனமான வளைவுகள், மேலே தூண் வரிசை. ஆனால் ஆழமான வராந்தா இங்கிலாந்துச் சரக்கு இல்லை, அது வெயிலும் மழையும் கேட்டு வாங்கியது. நடன அறையை மாடியில் வைத்ததும் காற்றுக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம், சென்னையின் பழைய கார்டன் ஹவுஸ்களோடு (பெரிய தோட்டங்களுக்கு நடுவே கட்டிய மாளிகைகள்) கட்டாயம் ஒப்பிடுங்கள். இரண்டுமே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் வீடுகள். அதே செங்கல், அதே சுண்ணாம்புப் பூச்சு. கட்டுரையின் உயிரே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, அதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள். சீரமைப்பு 2007இல் முடிந்ததை ஒரு வரியில் சொன்னால் போதும்.