முதலுதவிப் பெட்டி வாங்கும் முன்: கேள்வி-பதில்

கே: மலையேற்றக் குழுவுக்காக இணையத்தில் 350 ரூபாய்க்கு ஒரு டூர்னிக்கெட் (கை, காலில் ரத்தப்போக்கை நிறுத்த, குச்சியை முறுக்கி இறுக்கும் பட்டை) வாங்கினேன். பிரபல பிராண்டு பெயர் போட்டிருந்தது. பயிற்சியில் இரண்டாவது முறுக்கிலேயே குச்சி வளைந்துவிட்டது. திருப்பித் தரும் கெடு முடிந்தது என்கிறார் விற்றவர். (வாசகர், கோவை)

ப: உங்கள் மேல் தப்பே இல்லை, இது மோசடி. தொடையில் ரத்தம் பீறிடும் நேரத்தில் அந்தக் குச்சி வளைந்திருந்தால் சில நிமிடங்களில் ஆள் போயிருப்பார்.

பணத்தை விடாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, போலிப் பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையோ திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. குச்சி, உறை, ரசீது எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அசையவில்லையா, இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

அசல் டூர்னிக்கெட் 30 டாலரை ஒட்டி வரும். தயாரிப்பாளர் தன் தளத்தில் குறிப்பிடும் விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். பழகுவதற்கு நீல நிறத்தில் தனியாக விற்கிறார்கள். பழகியதையே நிஜத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

கே: 180 பொருள் உள்ள முதலுதவிப் பெட்டி 699 ரூபாய். காருக்கு வாங்கலாமா? (வாசகர், மதுரை)

ப: இந்த எண்ணிக்கை வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்படி ஒன்றை நானும் வாங்கினேன். முக்கால்வாசி விரலில் ஒட்டும் பிளாஸ்டர். பஞ்சு உருண்டை, சேஃப்டி பின் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். காஸ் துணி மட்டும் உள்ளங்கையளவில் இரண்டே இரண்டு. கத்தரிக்கோலைப் பழைய ஜீன்ஸில் வைத்துப் பார்த்தேன். துணி மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை. பேண்டை வெட்டாமல் காயம் எங்கே என்று எப்படித் தெரியும்?

விபத்தில் முதலில் நிறுத்த வேண்டியது ரத்தப்போக்கை. நீளமான காஸ் சுருள்கள், அகலமான கிரேப் பேண்டேஜ், நைட்ரைல் கையுறை, நுனி வளைந்த கத்தரிக்கோல் போதும். மெடிக்கல் ஷாப்பில் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். கை, கால், அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றில் ஆழமான காயம் என்றால் காஸை மேலே வைத்தால் போதாது. ரத்தம் வரும் இடம் வரை உள்ளே திணித்து, உடல் எடையைப் போட்டு இரு கையாலும் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது. நெஞ்சு, வயிற்றுக் காயத்தில் மட்டும் திணிக்காதீர்கள்.

கே: கழுத்துப் பட்டை வாங்கி வைக்கலாமா? (வாசகர், சேலம்)

ப: வேண்டாம். 108 வரும்வரை தலையை அசையாமல் இரு கையால் பிடித்திருங்கள்.

கே: தையல் போடும் கிட் வாங்கிவிட்டேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா? (வாசகர், சென்னை)

ப: வாங்கிய பிறகு கேட்கிறீர்களே! சாலையோரத்தில் அழுக்கோடு சேர்த்துத் தைத்தால் சீழ் பிடிக்கும். உறை பிரிக்கவில்லை என்றால் இன்றே திருப்பி அனுப்புங்கள்.

கே: டூர்னிக்கெட் போட்டால் வலியில் கத்துகிறார்கள். கொஞ்சம் தளர்த்தலாமா? (வாசகர், ஓசூர்)

ப: கூடாது. சரியாக இறுக்கினால் வலிக்கத்தான் செய்யும். காயத்துக்கு நாலு விரற்கடை மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை அதிலேயே எழுதி, ஆம்புலன்ஸ்காரரிடமும் சொல்லுங்கள்.