"அப்படியே எங்க வம்சம்!" – பேரப்பிள்ளைகளின் ஜாடை பற்றிக் கேள்வி பதில்

பேரப்பிள்ளை யார் ஜாடை, யார் குணம் என்று வீடுகளில் வரும் மனத்தாங்கல்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பள்ளியில் பல வருடம் உயிரியல் நடத்தியவள் நான். மருமகளாக இருந்து இப்போது மாமியாராகவும் ஆகிவிட்டேன். இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது மாதம். சிரித்தால் "எங்க அப்பா சிரிப்பு" என்கிறார் மாமியார். விரல் நீளமாக இருந்தால் "எங்க வம்சத்துக் கை". அழுது அடம்பிடித்தால் மட்டும் "எங்க வீட்டுல யாருக்கும் இந்தக் குணம் இல்லையே" என்று என்னைப் பார்க்கிறார். பத்து மாதம் சுமந்த எனக்கு இதில் பங்கே கிடையாதா?

பதில்: பாதிக்குச் சற்று மேலேயே இருக்கிறது. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் உங்கள் மகனுக்கு 46, அவற்றில் 23 உங்களுடையவை. உடம்புக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் 37 மரபணுக்கள் தனியாக உண்டு, அவை தாய் வழியாக மட்டுமே வருகின்றன. ஆண் குழந்தைக்கு அப்பா தரும் ஒய் குரோமோசோம் மிகச் சிறியது, நீங்கள் தந்த எக்ஸ் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது.

ஆனால் இந்தக் கணக்கை மாமியாரிடம் ஒப்பிக்காதீர்கள். அது சண்டையில்தான் முடியும். அவர் சொன்னதை ஒத்துக்கொண்டு, உங்கள் பங்கையும் கூடச் சேருங்கள். "ஆமாம் அத்தை, உங்க அப்பா சிரிப்புதான். அந்தக் கன்னக்குழி எங்க அம்மாவோடது." இப்படி நாலு தடவை சொன்னால் காதில் ஏறும். அடம் விஷயத்துக்கு வருவோம். எட்டு, ஒன்பது மாதத்தில் அம்மா கண்ணில் படாவிட்டால் அழுவதும் புது முகத்தைக் கண்டு மிரள்வதும் அந்த வயதின் வளர்ச்சி. அதற்கு எந்த வம்சமும் காரணமில்லை. இதை மட்டும் உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்லட்டும். மகன் சொன்னால் தகவல், மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சு. பல வீடுகளில் நிலைமை இன்னும் அப்படித்தான்.

கேள்வி: நான் மாமியார். பேரன் என் மகனை உரித்து வைத்தது போல இருக்கிறான். அதைச் சொன்னால் மருமகள் முகம் வாடுகிறது. கண்ணால் கண்டதைச் சொல்வது தப்பா?

பதில்: தப்பில்லை அம்மா. நீங்கள் மனதாரத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். உங்கள் மகன் தவழ்ந்ததைப் பார்த்த கண் உங்களுடையது. மருமகளைப் பெரியவளான பிறகுதானே பார்த்தீர்கள்? அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படி இருந்தாள் என்று தெரியாதபோது அவள் ஜாடை உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? சம்பந்தி அம்மாவிடம் அவளுடைய குழந்தைப் பருவப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் பேத்தி விஷயத்தில் நானும் இதைத்தான் செய்தேன். எங்கள் குடும்பத்து மூக்கு என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், படத்தில் மருமகளுக்கு அதே மூக்கு. அதைப் பார்த்து அவளிடம் நானே சொன்ன அன்று அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறக்க முடியாது.

கேள்வி: குழந்தை முதல் வருடம் அப்பா ஜாடையாகத்தான் இருக்கும் என்கிறார்களே?

பதில்: 1995இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மை. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகள் நன்றாகப் படிக்கிறாள். "எங்க பக்கத்து மூளை" என்று மாமனார் பெருமைப்படுகிறார். அறிவு அம்மாவிடமிருந்துதான் வரும் என்று வாட்ஸப்பில் படித்தேன். அதை அவருக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம், அதுவும் தவறான செய்தி. உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 54 லட்சம் பேரின் மரபணுக்களை அலசி 2022இல் வந்த ஆய்வில், உயரத்தோடு தொடர்புள்ள 12,000க்கும் மேற்பட்ட மரபணு மாறுபாடுகள் தெரிந்தன. அளவுகோலில் அளக்கக்கூடிய உயரத்துக்கே இத்தனை என்றால், அறிவு எந்தத் தாத்தாவிடமிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்? எனக்கு இதில் வேறொரு வருத்தம். ராத்திரி உட்கார்ந்து படித்தவள் அந்தப் பெண். பாராட்டு முழுவதும் தாத்தாவுக்கே போனால் அவளுக்கு என்ன மிச்சம்? மாமனார் பெருமைப்படும்போது, "அவளும் ரொம்ப உழைச்சா மாமா" என்று அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

கேள்வி: "நிறம் மட்டும் உங்க பக்கம்" என்று நாத்தனாரும் மாமியாரும் குழந்தை முன்னாலேயே சொல்கிறார்கள்.

பதில்: இதை ஜாடைப் பேச்சு என்று பொறுத்துப்போகாதீர்கள். தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அவை இரண்டு பக்கத்திலிருந்தும் வருபவை. ஆனால் இங்கே அறிவியல் விளக்கம் இரண்டாம் பட்சம். தன் நிறம் ஒரு குறை என்று அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. உங்கள் கணவர் அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், "குழந்தை முன்னால இந்தப் பேச்சு வேண்டாம்" என்று நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும்.

கேள்வி: குழந்தைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். "எங்க பரம்பரையில கிடையாது, அவ கொண்டு வந்தது" என்கிறார்கள். கணவரும் பேசாமல் இருக்கிறார்.

பதில்: படித்ததும் மனது கனத்துவிட்டது. தீவிரமான தலசீமியா பொதுவாகத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான மரபணு வந்தால்தான் உண்டாகும். ஒன்று மட்டும் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். பெற்றோர் இருவருக்கும் அது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் யார் குற்றமும் இல்லை. மருத்துவரைச் சந்திக்கும்போது கணவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், முடிந்தால் மாமியாரையும். மருத்துவர் வாயால் கேட்கட்டும். கணவரின் உடன்பிறந்தவர்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அடுத்த குழந்தை பற்றி யோசித்தால், அதற்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மகளைத் தத்தெடுத்தோம். நான்கு வயது. "நடை அப்படியே தாத்தா நடை" என்று என் மாமியார் எல்லோரிடமும் சொல்கிறார். திருத்தலாமா?

பதில்: திருத்தாதீர்கள். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த குழந்தைக்குப் பின்னால் கைகட்டி நடப்பதும் அவரைப் போலத் தலையசைப்பதும் தானாக ஒட்டிக்கொள்ளும். அவள் எப்படி உங்களிடம் வந்தாள் என்பதை மட்டும் அவள் வயதுக்கு ஏற்றபடி நீங்களே சொல்லி வாருங்கள். மற்றபடி, அடுத்த முறை பாட்டி அப்படிச் சொல்லும்போது மகளின் முகத்தைப் பாருங்கள், தாத்தாவின் முகத்தையும்.