காசைத் தூரில் போடுங்கள்: குட்டி போன்சாய் கேள்வி-பதில்

கேள்வி: சார், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினான்கு வீட்டார் சேர்ந்து விளையாட்டாக ஒரு போன்சாய் போட்டி வைத்திருக்கிறோம். ஆடியில் ஆரம்பித்துப் பொங்கலன்று மொட்டைமாடியில் காட்சிக்கு வைக்க வேண்டும். மரம் மண்ணிலிருந்து 20 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. மொத்தச் செலவு 1,500 ரூபாய்க்குள். என்ன மரம் வாங்கலாம்? எதைப் பார்த்து வாங்குவது? (வாசகி, மதுரை)

பதில்: ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய இந்த அளவை ஜப்பானில் ஷோஹின் என்பார்கள். நர்சரிக்குள் நுழைந்ததும் வெள்ளைக் கூழாங்கல் தூவி அழகாக அடுக்கியிருக்கும் போன்சாய் வரிசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். உங்களுக்கு வேண்டியது கொல்லைப்பக்கம் கிடக்கிறது. மூன்று நான்கு வருஷமாக விலை போகாமல் அதே கறுப்புக் கவரில் நின்று, கவரைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் வேர் இறங்கிவிட்ட ஃபைகஸ், அதாவது ஆல், அரசு இனத்துச் செடிகள். கோணல்மாணலாக இருக்கும். தோட்டத்துக்குச் செடி வாங்க வருகிறவர் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார். விலை கேட்டால் நர்சரிக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

உயரத்தைப் பார்க்காதீர்கள். குனிந்து தூரை, அதாவது மண்ணை ஒட்டிய அடித்தண்டைப் பாருங்கள். மேல்மண்ணை விரலால் ஓர் அங்குலம் விலக்கினால் வேர்கள் கோழிக்கால் மாதிரி எல்லாப் பக்கமும் பிரிந்து ஓட வேண்டும். ஒரே பக்கமாக ஓடினாலோ, ஒன்றின் கழுத்தை ஒன்று நெரிப்பதுபோல் சுற்றியிருந்தாலோ அடுத்த செடிக்குப் போங்கள். அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுக்க வேண்டும். மண்ணிலிருந்து நாலு விரற்கடைக்குள் ஒரு பக்கக்கிளை வேண்டும். தண்டை அந்தக் கிளைக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, கிளையையே புது நுனியாக நிமிர்த்தப் போகிறீர்கள், அதற்காகத்தான். 20 செ.மீ. மரத்துக்குத் தூர் 3 செ.மீ. பருமன் இருந்தால் பார்வைக்குக் கிழமரமாகத் தெரியும். உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது பழகியவர்கள் போடும் கணக்கு.

ஆறு மாதத்தில் கிளையை அடர்த்தியாக்கலாம், இலையைச் சிறிதாக்கலாம், பாசி பரப்பலாம். சின்னத் தொட்டிக்குள் இருக்கும் தூரை மட்டும் பருக்க வைக்க முடியாது. வாங்கும் நாளில் என்ன பருமனோ, ஏறக்குறைய அதுதான் பொங்கலன்றும். அதனால் 1,500ல் பாதிக்கு மேல் செடிக்கே ஒதுக்குங்கள்.

மரம் என்றால் என் ஓட்டு இச்சிக்குத்தான். நர்சரியில் ஃபைகஸ் என்றே கேளுங்கள், சின்ன இலை உள்ளதாகப் பொறுக்குங்கள். எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். கொடுக்காப்புளியும் புளியும் நல்ல தேர்வு, இலை தானாகவே சிறிது. காகிதப்பூவில் பருத்த தூர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கிளை மடக்கென்று ஒடியும், கம்பி சுற்றி வளைக்கக் கை பழக வேண்டும். அரசங்கன்று வேண்டாம். 20 செ.மீ. மரத்தில் அந்த இலை வாழையிலை மாதிரி நிற்கும்.

குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஜூனிப்பர் பக்கம் போகவே போகாதீர்கள். மலையூர்க் கடை ஒன்றில் ஆசைப்பட்டு வாங்கி வந்து, சமவெளி வெயிலில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, 'பரவாயில்லையே, பிழைத்துவிட்டதே' என்று வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அது செத்து ஏழெட்டு வாரம் ஆகியிருக்கிறது. வேர் காய்ந்த பிறகும் இலை அவ்வளவு நாள் பச்சையாகவே நிற்கும் மரம் அது.

காசே செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. சுவர் விரிசலிலும் சன்ஷேடிலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் முளைத்து நிற்கும் ஆலும் இச்சியும். சாப்பாடு இல்லாமல் குறுகி, விரிசலுக்குள் வேர் தட்டையாகி, பத்து வருஷ முகம் அதற்குத் தானாகவே வந்திருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டால் 'எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்' என்பார். மழை நாளில், சுவர் ஊறியிருக்கும்போது எடுங்கள். இலையை எல்லாம் கிள்ளிவிட்டு, ஓர் இரவு வாளித் தண்ணீரில் வைத்து, நட்டபின் மேலே பாலித்தீன் கவர் கவிழ்த்து நிழலில் வையுங்கள். கோயில் மதில், கோட்டை, காடு ஆகிய இடங்களில் மட்டும் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

நாள் கணக்கு சொல்லிவிடுகிறேன். ஆடியில் வெட்டு, வேர் குறைப்பு, தொட்டி மாற்றம். ஆவணி, புரட்டாசியில் துளிர் நீண்டதும் கம்பி. கார்த்திகை முதல் வாரத்தில், மரம் தெம்பாக இருந்தால் மட்டும், இலைகளைக் காம்பை விட்டுவிட்டுக் கத்தரித்துவிடுங்கள். பொங்கலுக்குள் புது இலை சிறிதாக, பளபளப்பாக வந்து நிற்கும். மழையில் மொட்டைமாடிச் சுவரில் படியும் பாசியைக் கரண்டியால் சுரண்டி எடுத்துக் கடைசி வாரத்தில் தொட்டியில் ஒட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டாருக்குச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் '12 வருட ஒரிஜினல் போன்சாய்' என்று 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் பார்த்ததைவிடச் சிறியது. அடியில் மரவள்ளிக்கிழங்கு மாதிரி புடைப்பு, மேலே நாலு இலைக்கொத்து. மேல்மண் கல் மாதிரி இறுகியிருக்கிறது. ஒரு வாரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது. 'உயிருள்ள செடி, ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள். (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் மரத்தைக் காப்பாற்றுவோம், சண்டை அப்புறம். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. ஃபைகஸ் இடம் மாறினாலே இலை கொட்டும், அட்டைப்பெட்டிக்குள் நாலு நாள் இருட்டில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். இலை கொட்டியதை மட்டும் வைத்து விற்றவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்த இறுகிய மேல்மண் வேறு விஷயம். பயணத்தில் சிதறாமல் இருக்கக் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நீங்கள் ஊற்றும் தண்ணீர் விளிம்பு வழியாக ஓடிவிடும், நடுவேர் தாகத்தில் சாகும். தொட்டியோடு அரைமணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் ஓரத்திலிருந்து நெம்பி எடுங்கள். அடியில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிழங்கு மாதிரி இருப்பது 'ஜின்செங் ஃபைகஸ்'. தண்டு என்று நீங்கள் நினைப்பது உப்பிய வேர். அதன் தலையில் சின்ன இலை ரகத்தை ஒட்டுக் கட்டியிருப்பார்கள், ஒட்டிய இடத்தில் வளையமாக மேடு தெரியும். வீட்டு அலங்காரத்துக்கு ஒன்றும் குறையில்லை. ஆனால் பெரும் எண்ணிக்கையில் பண்ணையில் விளைவித்து இறக்குவது அது. '12 வருடம்' என்பதை மரத்தைப் பார்த்து மட்டும் யாராலும் நிரூபிக்க முடியாது. வயதைச் சொல்லி விலை கேட்கிறவரிடம் நான் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்வேன்.

இனி பணம். 2020ல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 'ரிட்டர்ன் இல்லை' என்று தளத்தில் எழுதி வைத்திருப்பது அதற்கு மேலே நிற்காது. அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு '12 வருடம்' காணாமல் போயிருக்கலாம். செடியின் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் வரை காலம் இருக்கிறது. என் அனுபவத்தில் 2,800 ரூபாய் விவகாரம் பெரும்பாலும் உதவி எண்ணோடு முடிந்துவிடும்.

புகாரில் 'இலை கொட்டிவிட்டது' என்று ஆரம்பிக்காதீர்கள். 'நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை' என்று ஒரே வரியில் தட்டிவிடுவார்கள். உயரம், வயது, பசை என்று அளக்கவும் காட்டவும் முடிகிறதை எழுதுங்கள்.

கேள்வி: அங்கிள், நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். நீலநிற போன்சாய் மேப்பிள் விதை 20 எண்ணம் 99 ரூபாய் என்று வருகிறது. எங்க தெரு போட்டிக்கு அதை வளர்க்கலாமா? அப்பா வாங்கித் தர யோசிக்கிறார். (மாணவி, ஈரோடு)

பதில்: அப்பா யோசிப்பது சரிதான், கண்ணு. போன்சாய் விதை என்று ஒன்று கிடையாது, எந்த மரத்தின் விதையையும் போன்சாய் ஆக்கலாம், அவ்வளவுதான். நீல மேப்பிள் உலகத்திலேயே இல்லை, படத்தைக் கம்ப்யூட்டரில் சாயம் பூசியிருக்கிறார்கள். வெளிநாட்டுத் தளத்திலிருந்து விதை வரவழைக்க அனுமதியும் பயிர்நலச் சான்றும் வேண்டும், கவரில் போட்டு அனுப்பினால் போதாது. வீட்டில் குழம்புக்கு வைத்திருக்கும் புளியில் பத்துக் கொட்டை எடுத்து ஊறப்போட்டு விதைத்துப் பார். இந்த வருஷப் போட்டிக்கு ஆகாது. நீ பிளஸ் டூ முடிக்கும்போது நல்ல மரம் இருக்கும்.

கேள்வி: ஐந்து அளவுக் கம்பி, எட்டுக் கருவிகள் கொண்ட செட் 4,000 ரூபாய். வாங்கலாமா? எலக்ட்ரிக் கடைக் கம்பி ஆகாதா? (வாசகர், சேலம்)

பதில்: செட் வேண்டாம். கூரான சின்னக் கத்தரி ஒன்று, கம்பி வெட்ட ஒரு கட்டிங் பிளேயர், வேருக்கு இடையில் மண் தள்ள மூங்கில் குச்சி ஒன்று. எட்டில் உருப்படியானது குழிவாய் வெட்டி ஒன்றுதான். கிளையைக் குழிவாக வெட்டுவதால் காயம் மேடு தட்டாமல் ஆறும். அதையும் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

பழைய செப்புக் கம்பியின் உறையை உரித்து, அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காட்டி ஆறவிட்டால் வெண்ணெய் மாதிரி வளையும். ஒருமுறை வளைத்ததும் இறுகிவிடும், திருத்த முடியாது. புதிதாகப் பழகுகிறவருக்கு அலுமினியமே நல்லது. 1, 1.5, 2.5 மி.மீ. மூன்று போதும், கம்பி கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். எடை போட்டு விற்கும் கடையில் வாங்குங்கள். 2 மி.மீ. அலுமினியம் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 11, 12 மீட்டர் வரும். ஆன்லைனில் அழகான சுருளாக விற்பதை இந்தக் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள், கண் திறக்கும். கட்டடத்துக்குப் போடும் கட்டுக்கம்பி துருப்பிடிக்கும், வேண்டாம்.

கம்பியைச் சாய்வாக, 45 பாகையில் சுற்றுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து தினம் பாருங்கள். ஒரு தடவை ஊருக்குப் போனவன் பத்து நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு வந்து பார்த்தால், என் இச்சியின் கிளையில் திருகாணி மரை மாதிரி தடம் ஏறியிருந்தது. இன்னும் போகவில்லை. கழற்றும்போது சுற்றைப் பிரிக்காதீர்கள், துண்டுதுண்டாக வெட்டி எடுங்கள்.

கேள்வி: தொட்டியும் மண்ணும் ஜப்பானிலிருந்து வந்ததாக இருந்தால்தான் மதிப்பெண் கிடைக்குமா? (வாசகி, சென்னை)

பதில்: நடுவர் தொட்டியைக் கவிழ்த்து முத்திரையா பார்க்கப் போகிறார்? நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் தூரின் பருமன் அளவு. அதாவது 13, 14 செ.மீ. நீளமும் சுமார் 3 செ.மீ. ஆழமும். சட்டி செய்யும் குயவரிடம் அளவு சொன்னால், ஈர மண்ணிலேயே துளை போட்டுச் சுட்டுத் தருவார். நான் அப்படித்தான் வாங்குகிறேன். அகடாமா என்ற ஜப்பானியக் குருணை மண்ணுக்கு விலை கொடுப்பதைவிடச் செங்கல் உடைசலை இடித்து, 2 முதல் 5 மி.மீ. வரை சலித்து, தூளை எறிந்துவிடுங்கள். சலித்த செங்கல் ஜல்லி இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம். துளைமேல் கொசுவலைத் துண்டு. ஐப்பசி அடைமழைக்கு இந்த ஜல்லிக் கலவை தாங்கும், வெறும் செம்மண் சகதியாகிவிடும்.

கேள்வி: போன்சாய் வீட்டில் இருந்தால் வளர்ச்சி குன்றும் என்கிறார் வாஸ்து பார்ப்பவர். (வாசகர், கரூர்)

பதில்: போன்சாய் வீட்டுக்குள் இருந்தால் போன்சாயின் வளர்ச்சிதான் குன்றும். வெயில் வேண்டும், மாடியில் வையுங்கள். அவருக்கும் திருப்தி.

கேள்வி: எங்கள் குழுப் போட்டியில் ஒருவர் போன தடவை முழுதாக வளர்ந்த மரத்தைக் கடையில் வாங்கி வந்து முதல் பரிசு வாங்கிவிட்டார். எப்படித் தடுப்பது? (வாசகர், கோவை)

பதில்: விதியில் இல்லை என்றால் அவர் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. இந்த முறை எல்லோரும் ஒரே நாளில், ஒரே நர்சரியில், ஒரே விலைக்குள் வாங்குங்கள். மொத்தமாக எடுத்தால் விலையும் குறையும். பில்லை ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். அன்றே ஒவ்வொரு செடியையும் ஸ்கேலோடு நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். முடிவில் அந்தப் படத்தை மரத்தின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள், மதிப்பெண்ணில் பாதி அந்த இரண்டுக்கும் நடுவில் தெரியும் மாற்றத்துக்கு. முழு மரம் வாங்கியவரை விலக்காதீர்கள். அவரிடம் நல்ல குழிவாய் வெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும்.